கொலையும் கொலைக்குற்றமும்: இராயபுரம் ஆளவந்தார் வழக்கை முன்வைத்து ஒரு சட்ட விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் வழக்கில் 'கொலை' என்னும் ஒரே சொல்லால் சுட்டப்படும் செயலை இந்தியக் குற்றவியல் சட்டம் 'கொலைக்குற்றம்' என்றும் 'கொலைக்குற்றமாகாத மரணம் விளைவிக்கும் குற்றம்' என்றும் பிரிக்கிறது. இப்பிரிவினை செயலின் கொடுமையைக் கொண்டு அமைவதன்று. செயல் நிகழ்ந்த கணத்தில் செய்தவரின் மனநிலையைக் கொண்டு அமைவது. 1952இல் சென்னை இராயபுரத்தில் நிகழ்ந்து, 1953இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தீர்க்கப்பட்ட ஆளவந்தார் வழக்கு இதற்குத் தக்க சான்று. மக்கள் நினைவில் அவ்வழக்கு இறப்புக்குப் பின் நிகழ்ந்தவற்றால் நிலைத்திருக்கிறது. சட்டமோ இறப்புக்கு முந்திய சில நிமிடங்களையே கேட்டது. இவ்விடைவெளியை விளக்குவதும், 'திடீர் ஆத்திரம்' என்ற விதிவிலக்கு பின்னாளில் அடைந்த மாற்றத்தைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

திறவுச்சொற்கள்: கொலைக்குற்றம், மரணம் விளைவிக்கும் குற்றம், ஆத்திரமூட்டல், தற்காப்புரிமை, ஆளவந்தார் வழக்கு, இராயபுரம், பாரதிய நியாய சன்ஹிதா.

முன்னுரை

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை உண்டு. இளவரசன் அறியாமலே அவன் தேர்க்காலில் கன்று சிக்கி மாண்டது. அமைச்சர்கள் கழுவாய் செய்தால் போதும் என்றனர். அரசன் அதனை ஏற்காது மகனைத் தேர்க்காலில் இடத் துணிந்தான் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அந்த நீதி விளைவை நோக்கியது. உயிர் போயிற்றா என்பதே அதன் கேள்வி. போக்கியவன் அறிந்து செய்தானா என்பது அதற்குப் பொருட்டாகவில்லை.

அச்சிலை நிற்கும் வளாகத்துக்குள் பின்பற்றப்படும் சட்டம் இதற்கு மாறான இடத்திலிருந்து தொடங்குகிறது. உயிர் போயிற்று என்பது அங்கே விசாரணையின் தொடக்கம் மட்டுமே. எந்த எண்ணத்தோடு, எதை அறிந்து, எந்தச் சூழலில் போக்கப்பட்டது என்ற வினாக்களுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்து, ஒரே விளைவு தூக்குத் தண்டனைக்கும் உரியதாகலாம். சில ஆண்டுச் சிறைக்கும் உரியதாகலாம். எக்குற்றமும் ஆகாமலும் போகலாம்.

இவ்வேறுபாடு சட்ட மாணவர்க்கே இடர் தருவது. பொதுவழக்கில் அது பெரும்பாலும் மறைந்தே போகிறது. நாளேடுகளும் திரைப்படங்களும் எல்லாவற்றையும் 'கொலை வழக்கு' என்றே வழங்குகின்றன. ஆளவந்தார் வழக்கும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக 'ஆளவந்தார் கொலை வழக்கு' என்றே அறியப்படுகிறது. அதன் தீர்ப்பை உற்றுநோக்கினால் அப்பெயரே மறுபரிசீலனைக்கு உரியது என்பது புலப்படும்.

1. சட்டம் வகுக்கும் எல்லை

1860இல் இயற்றப்பட்டு 1862 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம் 299ஆம் பிரிவில் மரணம் விளைவிக்கும் குற்றத்தையும், 300ஆம் பிரிவில் கொலைக்குற்றத்தையும் வரையறுத்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை முறையே 100, 101ஆம் பிரிவுகளாக உள்ளன. எண்கள் மாறினவே தவிர வரையறைகளின் சாரம் மாறவில்லை. எனவே ஒன்றரை நூற்றாண்டுத் தீர்ப்புகள் இன்றும் வழிகாட்டுகின்றன.

மரணம் விளைவிக்கும் குற்றம் மூன்று மனநிலைகளில் ஒன்றைக் கோருகிறது: மரணம் விளைவிக்கும் உள்நோக்கம், மரணம் விளைவிக்கக்கூடிய காயத்தை ஏற்படுத்தும் உள்நோக்கம், தன் செயலால் மரணம் நேரக்கூடும் என்ற அறிவு. கொலைக்குற்றம் இம்மூன்றின் கடுமையான வடிவங்களைத் தனியே பிரித்தெடுக்கிறது. மரணம் விளைவிக்கும் நேரடி உள்நோக்கம் அவற்றுள் முதலாவது. குறிப்பிட்ட மனிதருக்கு அக்காயம் உயிர்க்கேடாகும் என்பதை அறிந்தே அதனை ஏற்படுத்த எண்ணுவது இரண்டாவது. இயற்கையின் வழமையான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமான காயத்தை ஏற்படுத்த எண்ணுவது மூன்றாவது. அநேகமாக மரணத்தில் முடிந்தே தீரும் அளவுக்கு உடனடி அபாயமுள்ள செயலை, அந்த அபாயத்தை அறிந்தும் காரணமின்றிச் செய்வது நான்காவது.

இரண்டுக்கும் இடையிலான உறவை உச்ச நீதிமன்றம் 1976இல் ராயவரபு புன்னய்யா வழக்கில் தெளிவுபடுத்தியது. மரணம் விளைவிக்கும் குற்றம் பொதுவகை; கொலைக்குற்றம் அதனுள் அடங்கிய சிறப்புவகை. கொலைக்குற்றம் ஒவ்வொன்றும் மரணம் விளைவிக்கும் குற்றமாகும். மரணம் விளைவிக்கும் குற்றம் ஒவ்வொன்றும் கொலைக்குற்றமாகாது. ஆகவே நீதிமன்றம் மூன்று படிகளில் நடக்க வேண்டும். எதிரியின் செயலால் மரணம் நேர்ந்ததா என்பது முதற்படி. அச்செயல் 299ஆம் பிரிவுக்குள் வருகிறதா என்பது இரண்டாம் படி. வருமாயின் அது 300ஆம் பிரிவின் நான்கு கூறுகளில் ஒன்றுக்குள் புகுகிறதா, புகுந்தாலும் விதிவிலக்கு ஏதேனும் அதனை வெளியே எடுக்கிறதா என்பது மூன்றாம் படி.

எல்லைக்கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்குப் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவிந்தா வழக்கு (1876) நெடுங்காலமாகச் சுட்டப்படும் எடுத்துக்காட்டு. இளவயதுக் கணவன் மனைவியைக் கீழே தள்ளி, மார்பில் முழங்காலை ஊன்றி, முகத்தில் கையால் குத்தினான். மூளையில் குருதி கசிந்து அவள் இறந்தாள். அக்காயம் மரணம் விளைவிக்கக்கூடியது. ஆனால் இயற்கையின் வழமையான போக்கில் மரணம் விளைவிக்கப் போதுமானதன்று என்று கண்ட நீதிபதி மெல்வில், அது கொலைக்குற்றம் ஆகாது என்று முடிவு செய்தார். 'விளைவிக்கக்கூடிய', 'விளைவிக்கப் போதுமான' என்ற இரண்டு அடைமொழிகளுக்கு இடையே ஒருவரின் உயிர் தொங்குகிறது. காயம் போதுமானதா என்பது மருத்துவச் சான்றால் புறவயமாக முடிவு செய்யப்படுவது. அந்தக் காயத்தை ஏற்படுத்த எதிரி எண்ணினாரா என்பதே அகவயமான கேள்வி என்று 1958இல் விர்சா சிங் வழக்கில் நீதிபதி விவியன் போஸ் பகுத்துக் காட்டினார்.

உள்நோக்கத்துக்கும் அறிவுக்கும் உள்ள வேறுபாட்டை வடசென்னைத் துறைமுகப் பகுதியின் அன்றாடக் காட்சி ஒன்றைக் கற்பனை செய்து விளக்கலாம். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரி ஒன்று கவனக்குறைவால் ஒருவர்மீது மோதுமாயின் அது அலட்சியத்தால் மரணம் விளைவித்தல். பழைய 304-அ, புதிய 106ஆம் பிரிவு. குடிபோதையில், மரணம் நேரக்கூடும் என்று அறிந்தும் நெரிசலுக்குள் ஓட்டுவாராயின் அவ்வறிவு காரணமாக அது மரணம் விளைவிக்கும் குற்றமாகலாம். அலிஸ்டர் அந்தோணி பெரைரா வழக்கில் (2012) உச்ச நீதிமன்றம் அவ்வாறே கண்டது. பிரேக் அறவே இயங்கவில்லை என்பது தெரிந்திருந்தும், திருவிழாக் கூட்டத்துக்குள் வண்டியைச் செலுத்துவாராயின் அது கொலைக்குற்றத்தின் நான்காம் கூறை எட்டும். மூன்றிலும் வண்டி ஒன்றே, சாவும் ஒன்றே. ஓட்டுநரின் மனம் மட்டுமே வேறு.

2. வழக்கின் நிகழ்வுகள்

ஆளவந்தார் சென்னைப் பாரிமுனைப் பகுதியில் சைனா பஜார் சாலையில் பேனா விற்பனைக் கடை ஒன்றின் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்துப் பிளாஸ்டிக் பொருள்கள் விற்று வந்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இராணுவத்தில் பணிபுரிந்தவர். 1952 ஆகஸ்ட் 28 அன்று கடையை விட்டுச் சென்றவர் திரும்பவில்லை. மறுநாள், எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி செல்லும் போட் மெயிலில் இருந்த டிரங்குப் பெட்டி ஒன்றிலிருந்து துர்நாற்றம் வீசுவதாகப் பயணிகள் முறையிட, மானாமதுரை நிலையத்தில் அது திறக்கப்பட்டது. உள்ளே தலையற்ற ஆண் உடல் இருந்தது. தலை பின்னர் இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இராணுவப் பதிவுகளில் இருந்த கைரேகையும், சென்னை மருத்துவக் கல்லூரித் தடய மருத்துவப் பேராசிரியர் சி.பி. கோபாலகிருஷ்ணனின் ஆய்வும் இறந்தவரை அடையாளம் காண உதவின.

விசாரணை இராயபுரம் செமெட்ரி சாலையில் குடியிருந்த கணவன் மனைவி இருவரை நோக்கித் திரும்பியது. அதற்குள் அவர்கள் ஊரை விட்டு நீங்கியிருந்தனர். பின்னர் பம்பாயில் கைது செய்யப்பட்டனர். மனைவிக்கும் ஆளவந்தாருக்கும் அவள் திருமணத்துக்கு முன் தொடர்பு இருந்தது. நிகழ்வு நடந்த இடம் அத்தம்பதியரின் வீடு.

வழக்கு 1953இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச ஐயர் முன்னிலையில், ஒன்பது பேர் கொண்ட ஜூரியின் துணையோடு விசாரிக்கப்பட்டது. இந்தியக் குடிமைப் பணியிலிருந்து நீதித்துறைக்கு வந்த அவர் ஆங்கிலத்தில் புனைகதைகள் எழுதியவருமாவார். அரசுத் தரப்பில் கோவிந்த் சுவாமிநாதன் வாதாடினார். இருவரும் குற்றவாளிகள் எனக் காணப்பட்டனர். கணவனுக்கு 7 ஆண்டு கடுங்காவலும் மனைவிக்கு 3 ஆண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன.

3. தண்டனையின் அளவு உணர்த்துவது

இவ்விரு எண்களையும் அக்காலச் சட்டத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கொலைக்குற்றத்துக்கான 302ஆம் பிரிவு அன்று இரண்டே தண்டனைகளை அறிந்திருந்தது: மரண தண்டனை; ஆயுட்காலத் தீவாந்தரம். பின்னது 1955ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் வழி ஆயுள் சிறை என மாறியது. இவற்றுக்குக் குறைவான தண்டனை விதிக்க நீதிபதிக்கு அதிகாரமில்லை. மேலும், 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 367(5)ஆம் பிரிவின்படி, மரண தண்டனைக்குரிய குற்றத்தில் அத்தண்டனையை விதிக்காது விடும் நீதிபதி அதற்குக் காரணம் எழுத வேண்டியிருந்தது. அதாவது 1953இல் கொலைக்குற்றத்துக்குத் தூக்கே இயல்பான தண்டனை. ஆயுள் தண்டனை காரணம் கூறித் தரப்பட வேண்டிய சலுகை. அவ்விதி நீக்கப்பட்டதும் 1955ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே.

இச்சட்டநிலையில் 7 ஆண்டு என்ற தண்டனை ஒரு செய்தியை ஐயத்துக்கு இடமின்றி உணர்த்துகிறது: கணவனின் செயல் 302ஆம் பிரிவின் கீழ்த் தண்டிக்கப்படவில்லை. கொலைக்குற்றம் எனக் கண்டிருந்தால் எவ்வளவு இரக்கம் கொண்ட நீதிபதியாலும் 7 ஆண்டோடு நிறுத்தியிருக்க இயலாது. கொலைக்குற்றமாகாத மரணம் விளைவிக்கும் குற்றத்துக்கான 304ஆம் பிரிவோ ஆயுள் தண்டனை முதல் 10 ஆண்டு வரையிலான சிறை, அபராதம் என விரிந்த வெளியை நீதிபதிக்குத் தருகிறது. பொதுமக்கள் 'கொலை வழக்கு' என்று வழங்கும் ஒன்றைச் சட்டம் கொலைக்குற்றமாகத் தண்டிக்கவில்லை என்பதே ஆளவந்தார் வழக்கின் மையச் செய்தி.

4. ஓர் அறை, நான்கு தீர்ப்புகள்

தம்பதியரின் வீட்டில், மனைவியோடு முன்பு தொடர்பிலிருந்த ஒருவர் கணவனால் கொல்லப்படுகிறார் என்ற ஒரே அடிப்படை நிகழ்வு, அதற்கு முந்திய நிமிடங்களில் நடந்தது யாது என்பதைப் பொறுத்து நான்கு வெவ்வேறு முடிவுகளுக்குச் செல்லக்கூடும். பின்வருவன இவ்வழக்கின் சான்றுகளைப் பற்றிய முடிவுகள் அல்ல. இத்தகைய நிகழ்வு ஒன்றைச் சட்டம் அணுகும் வழிகள்.

முதலாவது, இறந்தவர் அப்பெண்ணை வன்புணர்வு செய்யும் எண்ணத்தோடு தாக்கியிருந்தால், 100ஆம் பிரிவின்படி (இன்று 38) தற்காப்புரிமை உயிரைப் போக்கும் அளவுக்கும் நீளும். பிறர் உடலைக் காப்பதும் அவ்வுரிமையில் அடங்கும். அந்நிலையில் குற்றமே இல்லை.

இரண்டாவது, தற்காப்புரிமை இருந்தும், நல்லெண்ணத்தோடு செயல்பட்டவர் சட்டம் தந்த வரம்பை முன்யோசனையின்றி மீறியிருந்தால், 300ஆம் பிரிவின் இரண்டாம் விதிவிலக்கு பொருந்தும். செயல் கொலைக்குற்றமாகாத மரணம் விளைவிக்கும் குற்றமாகத் தணியும்.

மூன்றாவது, கடுமையானதும் திடீரென நேர்ந்ததுமான ஆத்திரமூட்டலால் தன்னடக்கத்தை இழந்து கொன்றிருந்தால் முதல் விதிவிலக்கு பொருந்தும். இங்கே சட்டம் ஒரு நிபந்தனை வைக்கிறது: கொல்வதற்குச் சாக்காக அந்த ஆத்திரமூட்டலை எதிரியே தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

நான்காவது, கொல்லும் எண்ணத்தோடே ஒருவர் வீட்டுக்கு வரவழைக்கப்பட்டிருந்தால் விதிவிலக்கு எதுவும் நில்லாது. அது கொலைக்குற்றம்.

ஆகவே இத்தகைய வழக்கில் திருப்புமுனையான கேள்வி எளியது: இறந்தவர் அன்று எவ்வாறு அவ்வீட்டுக்கு வந்தார்? தாமே வந்தாரா, அழைக்கப்பட்டாரா, அழைக்கப்பட்டிருந்தால் எதற்காக? உடலை எத்தனை துண்டாக்கினர் என்பது இந்நான்கில் எதனையும் தீர்மானிப்பதில்லை.

விதிவிலக்கை மெய்ப்பிக்கும் சுமை எதிரியினுடையது. சாட்சியச் சட்டத்தின் 105ஆம் பிரிவு (இன்று பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 108) இதனைக் கூறுகிறது. ஆயினும் அரசுத் தரப்பைப் போல ஐயத்துக்கு அப்பால் எதிரி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. நிகழ்ந்திருக்கக் கூடும் என்ற சாத்தியத்தின் எடை தம் பக்கம் சாய்வதைக் காட்டினால் போதும். உயிரோடு இருக்கும் சாட்சிகள் எதிரிகள் மட்டுமே என்ற நிலையில் இவ்வேறுபாடு பெரும்பொருள் பெறுகிறது.

இறந்தவர் நல்லவரா என்பதையும் இவ்விதிவிலக்குகள் கேட்பதில்லை. அவரது பொது நடத்தை எத்தகையதாயினும் அது அவரைக் கொல்ல யாருக்கும் உரிமை தருவதில்லை. அவர் அந்த வேளையில் செய்ததும், அது எதிரியின் மனத்தில் விளைத்ததும் மட்டுமே சட்டப் பொருள்கள். ஆளவந்தார் வழக்கைப் பற்றிய பிற்காலப் பேச்சுகளில் இவ்விரண்டும் பெரும்பாலும் கலந்துவிடுகின்றன. 'அவர் அப்படிப்பட்டவர், அதனால்தான் தண்டனை குறைந்தது' என்ற விளக்கம் சட்ட விளக்கம் ஆகாது.

5. இறப்புக்குப் பின் நிகழ்ந்தவை

டிரங்குப் பெட்டி, போட் மெயில், கடற்கரையில் கிடைத்த தலை ஆகியவையே இவ்வழக்கை மறக்கவொண்ணாததாக்கின. இவை யாவும் உயிர் பிரிந்த பின் நிகழ்ந்தவை. அவற்றுக்குச் சட்டத்தில் தனி இடம் உண்டு. குற்றச் சான்றை மறைத்தல் 201ஆம் பிரிவின் (இன்று 238) கீழ்த் தனிக்குற்றம். குற்றத்துக்குப் பிந்திய நடத்தை என்ற வகையில் அது சாட்சியமாகவும் ஏற்கப்படும். ஆனால் அச்சாட்சியம் எதனைக் காட்டுகிறது என்பதில் கவனம் வேண்டும். உடலை மறைத்தவர் தாம் செய்ததை அறிந்திருந்தார், அஞ்சினார் என்பதை அது காட்டும். திட்டமிட்டுக் கொன்றவரும் அஞ்சுவார். ஆத்திரத்தில் தன்னை மறந்து கொன்றுவிட்டு நினைவு திரும்பியவரும் அஞ்சுவார். குற்றத்தின் இருப்பை மறைப்புச் செயல் உணர்த்தலாம். குற்றத்தின் படிநிலையை அது மட்டும் உணர்த்தாது.

திடீர்ச் சண்டை பற்றிய நான்காம் விதிவிலக்கு, எதிரி கொடூரமாகவோ வழக்கத்துக்கு மாறாகவோ நடந்திருக்கக் கூடாது என்கிறது. அச்சொற்கள் சண்டையின்போது உயிருள்ள மனிதரிடம் நடந்துகொண்ட முறையைக் குறிப்பவை. இறந்த உடலுக்குச் செய்ததை அதனுள் கொண்டுவருவது பிரிவின் நோக்கத்தை மீறுவதாகும். இதனாலேயே இத்தகைய வழக்குகளில் பிணக்கூறாய்வு இரட்டைப் பணியை மேற்கொள்கிறது. உயிருள்ளபோது ஏற்பட்ட காயங்களையும் இறந்தபின் ஏற்பட்ட வெட்டுகளையும் மருத்துவர் பிரித்துக் காட்ட வேண்டும். முன்னவை மட்டுமே 300ஆம் பிரிவின் மூன்றாம் கூறுக்கு அடிப்படையாகும்.

மனநிலைக்கும் செயலுக்கும் இடையிலான கால வரிசைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தந்த முக்கியத்துவத்தைப் பழனிக் கவுண்டன் வழக்கின் முழு அமர்வுத் தீர்ப்பு (1919) காட்டுகிறது. கணவன் ஏர்க்கொழுவால் மனைவியின் தலையில் அடித்தான்; அவள் மயங்கி விழுந்தாள். இறந்துவிட்டாள் என நம்பி, தற்கொலை எனக் காட்டுவதற்காக அவளை உத்தரத்தில் தூக்கிலிட்டான். உண்மையில் அவள் இறந்தது கயிற்றால். அடித்தபோது மரணம் விளைவிக்கும் உள்நோக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை. தூக்கிலிட்டபோது தன்முன் இருப்பது பிணம் என்றே அவன் எண்ணினான். எனவே கொலைக்குற்றமும் ஆகாது, மரணம் விளைவிக்கும் குற்றமும் ஆகாது என்று நீதிமன்றம் கண்டது. தாக்குதலுக்கு மட்டுமே அவன் பொறுப்பாளி ஆனான்.

1943இல் தவமணி வழக்கில் அதே நீதிமன்றம் வேறு முடிவுக்கு வந்தது. அங்கே தாக்கப்பட்ட பெண் இறந்துவிட்டாள் என்று கருதிக் கிணற்றில் போடப்பட்டாள். தாக்கும்போதே கொல்லும் எண்ணம் இருந்தமையால் இரு செயல்களும் ஒரே தொடர் நிகழ்வாகக் கொள்ளப்பட்டன, கொலைக்குற்றம் மெய்ப்பட்டது. இரு வழக்குகளிலும் எதிரிகள் பிணத்தை மறைப்பதாகவே எண்ணினர். முடிவை மாற்றியது முதல் அடியின்போது இருந்த மனம்.

6. திடீர் ஆத்திரமும் தொடர் ஆத்திரமும்

முதல் விதிவிலக்கின் முழு விளக்கம் ஆளவந்தார் தீர்ப்புக்கு எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1961இல் நானாவதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தால் தரப்பட்டது. அதே சமூகப் பிரிவைச் சேர்ந்த இயல்பான ஒருவர் அதே சூழலில் தன்னடக்கம் இழந்திருப்பாரா என்பது அளவுகோல். சொல்லும் சைகையும்கூட ஆத்திரமூட்டலாகலாம். இறந்தவரின் முந்தைய செயல்கள் உருவாக்கிய மனப்பின்னணியையும் கருதலாம். ஆனால் உயிர் போக்கிய அடி, ஆத்திரம் தணிவதற்குள் விழுந்ததாக இருக்க வேண்டும். கடற்படை அதிகாரியான நானாவதி மனைவியின் வாக்குமூலத்தைக் கேட்டபின், குடும்பத்தைத் திரையரங்கில் விட்டு, கப்பலுக்குச் சென்று துப்பாக்கி பெற்று, அதன் பின்னரே இறந்தவரின் வீட்டுக்குச் சென்றார். ஏறத்தாழ மூன்று மணி நேரம் கடந்திருந்தது. விதிவிலக்கு மறுக்கப்பட்டு ஆயுள் தண்டனை உறுதியாயிற்று. இராயபுர நிகழ்வோடு ஒப்பிடுகையில் இடத்தின் பங்கு இங்கே புலனாகிறது. பம்பாயில் கொன்றவர் இறந்தவரைத் தேடிச் சென்றார். இராயபுரத்தில் இறந்தவர் கொன்றவரின் வீட்டில் இருந்தார். தேடிச் செல்லும் தூரமே ஆத்திரம் தணிவதற்கான காலமுமாகிறது.

நானாவதி தீர்ப்பு எடுத்தாண்ட முன்னோடிகளுள் சென்னை உயர் நீதிமன்றத்தின் முருகையன் வழக்கும் (1957) ஒன்று. பிறரோடு தொடர்பு கொண்ட மனைவி, அத்தொடர்பை இனியும் தொடர்வேன் என்று கணவனின் முகத்துக்கு நேரே கூறி இகழ்ந்தாள், கணவன் அவளைக் கொன்றான், விதிவிலக்கு ஏற்கப்பட்டது. இவ்வரிசைத் தீர்ப்புகளை இன்று படிக்கும் ஆய்வாளர் ஒன்றைக் காணத் தவறுவதில்லை. 'இயல்பான மனிதர்' என்ற அளவுகோல் நெடுங்காலம் கணவனின் உருவத்திலேயே வார்க்கப்பட்டிருந்தது. ஒரு நொடியில் வெடிக்கும் சினத்தைச் சட்டம் புரிந்துகொண்டது. ஆண்டுக்கணக்கில் அடக்கி வைக்கப்பட்ட துயரத்துக்கு 'திடீர்' என்ற சொல்லில் இடமில்லை.

இவ்விடத்தில் மாற்றம் தமிழ்நாட்டிலிருந்தே தோன்றியது குறிப்பிடத்தக்கது. சுயம்புக்கனி வழக்கில் (1989) குழந்தைகளோடு கிணற்றில் பாய்ந்து, தான் மட்டும் பிழைத்த தாய்மீது கொலைக்குற்றம் சாட்டப்பட்டது. 'தொடர் ஆத்திரமூட்டல்' என்ற கருத்தை அவ்வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் முன்வைத்தது. தனித்தனியே நோக்கினால் சிறியனவாகத் தோன்றும் செயல்கள், நாள்தோறும் சேர்ந்து, ஒருநாள் தாங்கும் எல்லையை உடைக்கக்கூடும் என்பதே அதன் சாரம். வறுமையும் அவமதிப்பும் தாங்காது ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் இட்டுத் தானும் மாய்ந்த நல்லதங்காளின் கதைப்பாடலை ஒட்டி, 'நல்லதங்காள் நோய்க்குறி' என்ற பெயர் இவ்வழக்கின் வழியே சட்ட உலகில் புகுந்தது. மக்ராஸ் தொடங்கி அசாம் வரை அது பயணப்பட்டது. 2013இல் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் மஞ்சு லக்ரா வழக்கில், கணவனின் நெடுங்கால வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் நிலையை ஆராய்கையில் இத்தமிழ்க் கருத்தாக்கத்தை எடுத்தாண்டது. 2022இல் தௌவாராம் நிர்மல்கர் வழக்கில் உச்ச நீதிமன்றமும், கடைசி நிகழ்வு திடீரென நேர்ந்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கைவிடாமல், அதற்குப் பின்னுள்ள தொடர் துன்புறுத்தலையும் கணக்கில் கொண்டு கொலைக்குற்றத்தை 304ஆம் பிரிவுக்கு மாற்றியது.

நாட்டுப்புறக் கதைமாந்தர் ஒருவர் குற்றவியல் சட்டத்தின் விளக்கத்தில் இடம்பெற்றது தமிழியல் ஆய்வாளர் மேலும் ஆராயத்தக்க செய்தி. மனுநீதிச் சோழன் கதை விளைவை முன்வைத்தது. நல்லதங்காள் கதை மனத்தை முன்வைத்தது. நவீனச் சட்டம் பின்னதன் பக்கமே சாய்ந்திருக்கிறது.

7. குறைந்த குற்றத்துக்குள்ளும் இரு படிகள்

கொலைக்குற்றத்திலிருந்து தணிந்தபின்னும் ஒரு பிரிவினை எஞ்சுகிறது. 304ஆம் பிரிவின் (இன்று 105) முதற்பகுதி உள்நோக்கம் இருந்த செயல்களுக்கும், இரண்டாம் பகுதி அறிவு மட்டும் இருந்த செயல்களுக்கும் உரியது. விதிவிலக்கின் வழி தணியும் செயல்களில் பெரும்பாலும் உள்நோக்கம் இருந்திருக்கும். ஆகவே அவை முதற்பகுதியில் அமையும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற அன்பழகன் வழக்கில் (2023) உச்ச நீதிமன்றம் இவ்விரு பகுதிகளையும் விரிவாக ஆராய்ந்தது. வயல் வழித்தகராறில், களைவெட்டும் கருவியால் விழுந்த தலையடி மரணத்தில் முடிந்த வழக்கு அது. அடி தலையில் விழுந்தது என்பதாலேயே கொல்லும் எண்ணம் இருந்ததாகக் கொள்ள இயலாது என்று கண்ட நீதிமன்றம், முதற்பகுதியின் கீழிருந்த தண்டனையை இரண்டாம் பகுதிக்கு மாற்றி 5 ஆண்டாகக் குறைத்தது.

புதிய சட்டம் இங்கே ஒரு மாற்றம் செய்துள்ளது. முதற்பகுதியின் கீழ் ஆயுள் தண்டனை விதிக்கப்படாவிடின் சிறைக்காலம் 5 ஆண்டுக்குக் குறையலாகாது. இரண்டாம் பகுதியில் அபராதத்தோடு மட்டும் விடும் வாய்ப்பும் நீக்கப்பட்டுள்ளது. நீதிபதியின் விருப்புரிமைக்கு விழுந்துள்ள இவ்வரம்பு, இரு பகுதிகளுக்கும் இடையிலான கோட்டை முன்னைவிடக் கூர்மையாக்குகிறது.

முடிவுரை

ஆளவந்தார் வழக்கிலிருந்து பெறப்படும் முடிவுகள் மூன்று. முதலாவது, விதிக்கப்பட்ட தண்டனையின் அளவே அதில் கொலைக்குற்றம் தண்டிக்கப்படவில்லை என்பதை மெய்ப்பிக்கிறது. 'ஆளவந்தார் கொலை வழக்கு' என்பது மக்கள் இட்ட பெயரே தவிர சட்டத்தின் முடிவன்று. இரண்டாவது, இறந்தபின் உடலுக்கு நேர்ந்தது எவ்வளவு கொடியதாயினும் அது தனிக்குற்றமாகவும் சாட்சியமாகவும் கருதப்படுமேயன்றி, கொன்ற செயலின் படிநிலையை உயர்த்தாது. மூன்றாவது, 'திடீர் ஆத்திரம்' என்ற விதிவிலக்கு நிலைத்த பொருளுடையதன்று. யாருடைய சினத்தை இயல்பானது எனச் சமூகம் ஏற்கிறதோ அதற்கேற்ப அது விரிந்தும் சுருங்கியும் வந்துள்ளது.

தமிழில் சட்டம் கற்பிப்போரும் செய்தி எழுதுவோரும் 'கொலை', 'கொலைக்குற்றம்', 'மரணம் விளைவிக்கும் குற்றம்' என்ற மூன்றையும் தனித்தனிப் பொருளில் ஆள்வது சொல்லாட்சி பற்றிய சிக்கல் மட்டுமன்று. விசாரணை முடியும் முன்பே ஒருவரைக் 'கொலைகாரர்' என்று பெயரிடும்போது, நீதிமன்றம் இனித்தான் கேட்கவிருக்கும் கேள்விக்கு விடை எழுதப்பட்டுவிடுகிறது. 1953இல் இராயபுரத் தம்பதியரின் உயிர் அந்தக் கேள்விக்கான விடையைச் சார்ந்தே இருந்தது.